ஆற்றெழுத்து

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. செவிலி ஒன்றும் பேசாமல் திரைப்பலகையைப் பிலோமினாவின் கையில் கொடுத்தாள். பேசக் கூடாது என்பது சட்டம். சாவுச் செய்தியை வாயால் சொல்லும் வழக்கம் தூத்துக்குடியில் எந்த மருத்துவமனையிலும் இப்போது இல்லை.

பலகையில் ஒரே வரி.

இஞ்ஞாசி இன்று காலமானார்.

கடைசி எழுத்தின் புள்ளி மயிரிழை வலப்பக்கம் தள்ளியிருந்தது. பிலோமினா முதலில் பார்த்தது அதைத்தான். மலிவான பலகைகளில் அப்படித்தான் வரும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அது தன் கணவன் என்று உறைத்தது.

செவிலி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் படித்தவர்களுக்குத் தோள் தளரும். நீளமாக ஒரு மூச்சு வரும். பிறகு எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்பார்கள். பிலோமினா பலகையை மடியில் கவிழ்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் விரலிடுக்கு வழியாக வந்தது.

"அக்கா, இன்னொருக்க படிங்க." செவிலி பயந்துபோயிருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கூடத்தில் யாரும் அழுததில்லை. "மொதல்ல இருந்து மெதுவா படிங்கக்கா. சரியாயிரும்."

அந்த எழுத்தை வரைந்தவளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

கண் ஓர் எழுத்தின் வளைவில் ஓடும் வேகத்துக்கும் நெஞ்சு அடிக்கும் வேகத்துக்கும் தொடர்பு இருப்பதை ஓர் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்திருந்தது. வளைவைச் சரியான இடத்தில் விரித்துச் சரியான இடத்தில் சுருக்கினால், சொல்லின் பொருள் மனதுக்குப் போய்ச் சேருமுன் உடம்பு அமைதியாகிவிடும். துக்கம் வந்து தட்டும்போது வீடு பூட்டியிருக்கும். ஒரு வருடம் அழுது தீர்த்தவனுக்கு வரும் அமைதி ஒரு வரியில் வந்துவிடும். வந்த அமைதி பிறகு போவதும் இல்லை. சுழிகள் நிறைந்த தமிழ் அதற்கு வாகாக இருந்தது. வரைய ஆள் வேண்டும் என்று பிலோமினாவிடம் வந்தார்கள். அதுவரை அவள் பிஸ்கட் உறைகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் எழுத்து வரைந்துகொண்டிருந்தாள்.

வரைந்து முடிக்க ஆறு வருடம் ஆயிற்று. அவள் முதலில் கணினியைத் தொடமாட்டாள். பென்சிலால் ஒரே எழுத்தை நாள் முழுக்க வரைவாள். தள்ளி வைத்துப் பார்ப்பாள். தலைகீழாகத் திருப்புவாள். கண்ணாடியில் காட்டுவாள். சொல்லாகத் தெரிகிறவரை எழுத்தின் குறை தெரியாது. வெறும் வடிவமாகத் தெரியவேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு சாவு வாக்கியம் தேவைப்பட்டது. ஊரார் பெயரைப் போட மனம் வரவில்லை. வீட்டுக்காரன் பெயரைப் போட்டாள். அதில் ஞகரம் இரண்டு முறை வந்தது வசதியாக இருந்தது. அதைவிட அடங்காத எழுத்து தமிழில் இல்லை.

இஞ்ஞாசி டீயோடு வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பான்.

"இன்னைக்கு என்னைய எத்தன தடவ கொன்ன?"

"ஞ இன்னும் சரியா வரல. ரெண்டு தடவ சாவணும்."

"செத்தா சோறு உண்டா?"

"சோறு உண்டு. கொழம்பு நீங்கதான் வைக்கணும்."

எழுத்து முடிந்தபோது, துக்கத்தை ஆற்றுவதால் ஆற்றெழுத்து என்று பெயர் வைத்தார்கள். ஊரே அதைப் படித்தது. அவளால் மட்டும் படிக்க முடியவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. அப்போது அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

மகள் அமலி செய்தியை மதுரையிலிருந்து வரும் ரயிலில் கைத்திரையில் படித்திருந்தாள். சாயங்காலம் கழுவிய முகத்தோடு வந்து இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா நல்லா இருந்துட்டுப் போனாங்கம்மா. எனக்கு மனசு லேசா இருக்கு."

பிலோமினா அவள் கையை விடவில்லை. "நீ காய்ச்சல்ல கெடந்தப்ப அப்பா ஒன்னையத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தாங்களே. நீ எறங்கவே மாட்டேன்னுட்ட. நெனப்பு இருக்கா?"

"இருக்கும்மா." அமலி சிரித்தாள். அன்பான சிரிப்பு. "எவ்வளவு அழகான நெனப்பு."

பிலோமினா கையை விட்டுவிட்டாள்.

அமலி சுவரொட்டி வேலையைப் பார்த்தாள். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் இஞ்ஞாசியின் படம், கீழே ஆற்றெழுத்தில் அந்த வரி. இரண்டு மூலையிலும் துளி விடும் கண்கள். அச்சகத்தில் பழைய வழக்கத்துக்கு வைத்திருந்தார்கள்.

"இந்தக் கண்ணு வேணுமாம்மா? இப்ப யாரு அழுதா?"

"இருக்கட்டும்," என்றாள் பிலோமினா.

மறுநாள் வந்தவர்கள் சவப்பெட்டியருகே ஜெபம் சொன்னார்கள். காப்பி குடித்தார்கள். இந்த வருடம் காற்று முன்னாலேயே திரும்பிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் கெட்ட மனது இல்லை. எல்லாரும் படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"பெரியப்பா மத்தியானம் கரைக்கு வந்துருவாங்க," என்றாள் அமலி. "துறைச் சுவத்துல ஒட்டச் சொல்லிட்டேன். எறங்குனதும் படிச்சுக்கிடுவாங்க. நீங்க சும்மா இருங்க."

இஞ்ஞாசியின் அண்ணன் சூசை மூன்று நாளாகக் கடலில் இருந்தார். விசைப்படகு எஞ்சின் சத்தத்தில் காது போனவர். கைத்திரை வைத்துக்கொள்ளமாட்டார். அவரிடம் எதையும் தாளில் எழுதித்தான் காட்டவேண்டும்.

அவர் இன்னும் படிக்கவில்லை.

பிலோமினா எழுந்தாள். உலகத்தில் இஞ்ஞாசிக்காக அவளோடு அழ ஒரே ஓர் ஆள் பாக்கி இருந்தார். மேசையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

துறை வாசலுக்கு எதிரே சுவரொட்டியை ஒட்டிவிட்டிருந்தார்கள். பசை காயவில்லை. அவள் அதன்மேல் முதுகைக் கொடுத்து, படத்தையும் வரியையும் மறைத்து நின்றாள். ஈரம் சேலையில் ஏறியது. தாளை உள்ளங்கையில் வைத்து எழுதினாள். இயந்திரம் தொடாத வெறும் பென்சில் எழுத்து. முன்பெல்லாம் கடிதம் படித்து மனிதர்கள் அழுதிருக்கிறார்கள்.

இஞ்ஞாசி இன்று காலமானார்.

நேற்று என்று எழுதியிருக்கவேண்டும். கை தன் பழக்கத்துக்கு எழுதிவிட்டது. திருத்துமுன் படகு கரை அணைந்தது.

சூசை ஓலைப்பெட்டியோடு முதல் ஆளாக இறங்கினார். அவளைக் கண்டதும் தூரத்திலிருந்தே கத்தினார்.

"ஏ பிலோமி! நீ எங்க இந்தப் பக்கம்? அவனுக்கு சீலா மீனு கொண்டாந்திருக்கேன். கொழம்புல போட்டுக் கெடுத்துராதிய, பொரிக்கணும்!"

கிட்டே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். நடை நின்றது.

"என்ன?"

அவள் உதடு கோணியது. அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இஞ்ஞாசிக்கா? என்னமும் ஆயிட்டா?" அவருடைய பெரிய குரல் பாதியில் உடைந்தது. கண் கலங்கி நிறைந்தது. முகம் சரியத் தொடங்கியது.

தலையை அசைத்திருந்தால் போதும். ஆனால் அவள் கையில் தாள் இருப்பதை அவர் பார்த்துவிட்டார். எப்போதும் செய்வதுபோல் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அவர் கண்கள் வரியில் ஓடின. அவருடைய தோள் தளர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு வந்தது.

பிலோமினா தாளைப் பார்த்தாள். கை நடுங்கித்தான் எழுதியிருந்தாள். எழுத்து நடுங்கவில்லை. ஞகரத்தின் சுழி அவள் ஆறு வருடம் தேடிய இடத்தில் விரிந்து, தேடிய இடத்தில் அடங்கியிருந்தது. கடைசிப் புள்ளி மயிரிழை பிசகாமல் நேர்மேலே இருந்தது.

சூசை புறங்கையால் முகத்தைத் துடைத்தார், கடல் தண்ணீரைத் துடைப்பதுபோல. பெட்டியைத் தூக்கி மீன்மேல் ஓலையை இழுத்து மூடினார். பிலோமினா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மேலே இஞ்ஞாசியின் படமும் அந்த வரியும் தெரிந்தன. மூலைக்கு ஒன்றாக இரண்டு கண்கள் துளி விட்டுக்கொண்டிருந்தன.

அவர் குனிந்தார். குழந்தைக்குக் கொடுப்பதுபோல் தாளை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். துறை முழுக்கக் கேட்கும் குரலில், பிரியமாகக் கேட்டார்.

"ஏம்மா அழுத? நீ இன்னும் படிக்கலையா?"