குளத்து அத்தை

அத்தையின் பழைய செருப்பைக் கழற்றியபோது சுசினின் விரல்கள் நனைந்தன.

சிவப்புப் பட்டில் பூவேலை செய்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னச் செருப்பு. போன வருடத் திருவிழாவில் சிலையின் காலில் போட்டது. மேலே பட்டு வெளுத்து மொடமொடவென்று காய்ந்திருந்தது. உள்ளே மட்டும் கறுப்பாக, வழவழவென்று, குளத்தில் இறங்கினால் கால் விரலிடுக்கில் பிதுங்குமே, அந்தச் சேறு. முகர்ந்து பார்த்தாள். அழுகிய தாமரைத் தண்டின் வாடை.

"கியாம் அண்ணே, இது ஈரமா இருக்கு."

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கியாம் ஏணிமேல் நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியும் குறும்பு போகாத மனிதர். திரும்பாமலே சொன்னார். "அத்தை வருஷம் முழுக்க ஊரைச் சுத்தி நடக்கிறவ. செருப்பு நனையாம இருக்குமா? அதுக்குத்தானே புதுசு போடறோம்."

"சேறு இருக்கு அண்ணே. குளத்துச் சேறு."

ஏணியின் கிறீச்சொலி நின்றது.

"குளத்தைச் சுத்தி வேலி போட்டு எத்தனையோ காலமாச்சு" என்றார் கியாம். குரலில் சிரிப்பு இல்லை. "தொடைச்சுட்டுப் புதுசைப் போடு."

அத்தை இந்தச் சுவா குலத்தில் பிறந்த பெண்தான். கல்யாணம் ஆகாமல் ஊர்க்குளத்தில் செத்துப்போனவள். எப்படி விழுந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. செத்த பிறகு ஊரில் நோயும் தீயும் வந்ததால் கோயில் கட்டி, பொன் தோடு போட்டு, ஆண்டுக்கொருமுறை பல்லக்கில் ஏற்றினார்கள். அவளுக்குச் செருப்பு மாற்றுவது வெளியூரிலிருந்து திரும்பிவரும் குலத்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை. இந்த வருடம் அது சுசினுக்கு.

சுசின் ஊரைவிட்டுப் போனபோது ஆறு வயது. மீன்பிடிக்கப் போன அப்பா கடலோடு போய்விட்ட அதே வருடம், அம்மா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. குவாங்சோ நகரத்தில் துணி ஆலையில் தைத்தாள். வீட்டில் ஊர்ப் பேச்சைப் பேசவே விடவில்லை. குளிர்காலம் வந்தால் அம்மாவின் கால்கள் வீங்கும். சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அம்மா இறந்த சில மாதங்களில், யாரோ அனுப்பிய திருவிழாக் காட்சி ஒன்றைச் சுசின் கைபேசியில் பார்த்தாள். பட்டாசுப் புகைக்குள் பல்லக்கோடு ஓடும் ஆண்கள். அதில் ஒருவருக்கு அவள் அப்பாவின் நெற்றி. தேடிப் பிடித்துப் பெரியப்பாவிடம் பேசினாள். "வாம்மா, வா. உன் வேர் இங்கதானே இருக்கு?" என்றார் அவர்.

வந்த நாளிலிருந்து ஊர் அவளைத் தாங்கியது. பெரியம்மா சிவப்பு அரிசிப் பலகாரத்துக்கு மாவு பிசைந்து, பீச் பழ அச்சில் எப்படி அழுத்த வேண்டுமென்று காட்டினாள். சுசினின் கட்டைவிரலுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அச்சைத் தட்டிக் கவிழ்க்கும்போது, முப்பது வருடமாக வாயில் வராத ஒரு சொல் தானாக வந்தது. "பார்றா, நாக்கு மறக்கல!" என்று பெரியம்மா கன்னத்தைக் கிள்ளினாள். சுசினுக்குக் கண் கலங்கிவிட்டது.

செருப்பு மாற்றிவிட்டு வந்த அன்று மதியம், வாத்துக்கறிச் சாப்பாடு முடிந்து, பெரியப்பா தெக்ஹோக், தேநீர் மேசையில் உட்கார்ந்தார். விழாத் தலைவர் அவர்தான். கூட இரண்டு மூன்று கிழவர்கள். கட்டைவிரல் உயரக் கிண்ணங்களில் கடுந்தேநீர் சுற்றி வந்தது.

"உன்னை மாதிரியேதான் உங்கம்மாவும். அழகு. ஆனா வீம்பு அதிகம்" என்றார் பெரியப்பா. "அத்தையோட தோடு ஒண்ணு காணாமப் போச்சு. யாரு எடுத்தான்னு பல்லக்கைத் தூக்கிக் கேட்டோம். பல்லக்கு நேரா உங்க வீட்டு வாசல்ல போய் முட்டிக்கிட்டு நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வழக்கம்தான். குளத்துல இறங்கி நிக்கணும். முரசு ஓயறவரை நிக்கணும். ஒத்துக்கிட்டா முரசை நிறுத்திடுவாங்க. அவ ஒத்துக்கவே இல்லையே! உன்னை வீட்டுல பூட்டி வெச்சுட்டு ஊரே கரையில நின்னோம். வருஷப் பிறப்புக் குளிரு. பார்த்துக்கிட்டிருந்த எங்களுக்கே பல் கிட்டிப்போச்சு."

"பொழுது சாயுறவரைக்கும் நின்னா" என்றார் முரசடிக்கும் கிழவர் சியோங், பாராட்டுவதுபோல.

சுசின் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அம்மாதான் எடுத்தாங்களா?"

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா சிரித்தார்.

"அட, யாரும்மா எடுத்தா? அடுத்த வருஷம் அத்தையோட பழைய அங்கியை உதறினப்போ மடிப்புலேர்ந்து விழுந்துச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"எங்கேன்னு போய்ச் சொல்ல? அதுக்குள்ள உங்கப்பன் வீடும் எங்க வீடும் ஒண்ணாயிடுச்சு. இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்சதுதான்." அவள் தோளைத் தட்டினார். "பல்லக்குக்கு என்ன காலா இருக்கு? முன்தண்டு யார் தோள்ல இருக்கோ, அவன் தள்ற பக்கம் போகும்."

"அன்னைக்கு யார் தோள்ல இருந்துச்சு பெரியப்பா?"

அவர் தேநீரை ஊற்றினார். கிழவர்கள் சிரித்தார்கள். அடுக்களையில் பெரியம்மாவும் சிரிப்பது கேட்டது.

கோயிலுக்கு எப்படி நடந்தாள் என்று சுசினுக்கு நினைவில்லை. கியாம் சாப்பிடப் போயிருந்தார். உள்ளே சந்தனப் புகை கனமாகத் தொங்கியது. மண்டியிட்டாள். வெட்கத்தோடு, பிறகு வெட்கமில்லாமல், மறந்துபோயிருந்த தாய்ப்பேச்சிலேயே வேண்டினாள். "எங்கம்மா நின்ன மாதிரி அவர் நிக்கணும். கரையில நின்னு பார்த்த அத்தனை பேரும் நிக்கணும்."

குறி கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் தரையில் எறிந்தாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆமாம் என்று அர்த்தம். மறுபடி எறிந்தாள். ஆமாம். மூன்றாவது முறை அவள் எறிவதற்குள்ளேயே கட்டைகள் கையிலிருந்து வழுக்கி விழுந்தன.

ஆமாம்.

எங்கோ சொட்டும் ஓசை. கூரையைப் பார்த்தாள். மழை இல்லை. அவள் காலையில் போட்டுவிட்ட புதுச் செருப்பின் நுனி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா முற்றத்துக்கு வந்து கத்தினாள். "காலைக் கழுவிட்டு வரக் கூடாதா? படியெல்லாம் சேறு பண்ணி வெச்சிருக்கே!"

சுசின் குனிந்து பார்த்தாள். அவளுடைய காலணிகள் காய்ந்திருந்தன. படியில், கூடத்தில், அவள் படுக்கும் அறை வாசல்வரை, உள்ளங்கையளவு ஈரத்தடங்கள். எல்லாம் உள்ளே போகும் தடங்கள். வெளியே வந்ததாக ஒன்றுகூட இல்லை.

அந்த இரவு அவள் விளக்கை அணைக்கவில்லை. பெரியம்மா கனத்த பஞ்சுப் போர்வையொன்றைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டாள். "ஊர்க் குளிரு உனக்குப் பழகலை. சின்னதுல இப்படித்தான் உன்னைப் போர்த்தி விடுவேன்." அந்தக் கையில் பலகார மாவின் வாசனை இருந்தது. சுசின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது?

மறுநாள் மாலை, பல்லக்கு கிளம்பும் முன், கூட்டத்தை இடித்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினாள். கட்டைகளை எடுத்தாள். "வேண்டாம் அத்தை. நேத்து கோவத்துல கேட்டேன். விட்டுடு." எறிந்தாள்.

இரண்டும் மல்லாக்க விழுந்தன; ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

"அடடே, அத்தை சிரிக்கிறாளே!" கியாம் எட்டிப் பார்த்தார். "அப்படி என்னத்தைக் கேட்ட?"

மறுபடி எறிந்தாள். சிரிப்பு. மறுபடி. சிரிப்பு.

வெளியே முரசு தொடங்கிவிட்டது.

முதல் தூக்கு எப்போதும் பெரியவர்களுடையது. கோயிலிலிருந்து சந்தை முனைவரை அவர்கள் சுமப்பார்கள். அங்கே இளவட்டங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தோள் மாற்றிக்கொண்டு ஓடக் காத்திருப்பார்கள். பெரியப்பா முன்தண்டுக்குத் தோள் கொடுத்தார். பின்னால் தட்டேந்திய கிழவிகள், ஊதுவத்தி பிடித்த கிழவர்கள், சக்கர வண்டியில் ஏற்றிய முரசை இழுத்துக்கொண்டு சியோங். வாத்துக் கொழுப்பும் வெடிமருந்தும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாடை பனிமூட்டத்தோடு சேர்ந்து தெருவை அடைத்திருந்தது. அந்த வாடைக்கு அடியில், மெல்ல, பிறகு மூச்சுமுட்ட, அழுகிய தாமரைத் தண்டு.

தெருமுனையில் பல்லக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

இடப்பக்கம் திரும்பியது.

"வலது! வலதுடா! எவன்டா இழுக்கிறது?" என்று கத்தினார் பெரியப்பா.

"நாங்க இல்லை அண்ணே, நீங்கதான் முன்னாடி!"

"நானா? நான் எங்கடா போறேன்? கால் தானா போகுது!"

கூட்டம் சிரித்தது. அத்தைக்கு இன்று உற்சாகம் என்று ஒரு கிழவி கைகூப்பினாள். பல்லக்கு ஓடத் தொடங்கியது. சுசினும் ஓடினாள். மூங்கில் வேலி முறியும் ஓசை. வாத்துகள் சிறகடித்துக் கலைந்தன. தண்ணீர் பிளந்தது.

பெரியப்பா முழங்கால் ஆழத்தில் இருந்தார். பிறகு இடுப்பளவில். தண்டிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் நிற்கவும் இல்லை. ஒவ்வொருவராகக் கரையிறங்கினார்கள். கோயில் படி இறங்குவதுபோல, நிதானமாக, முன்னால் போகிறவர் காலை மிதித்துவிடாமல். தேநீர் மேசைக் கிழவர்கள். கியாம். பலகாரத் தட்டோடு பெரியம்மா.

சுசின் பாய்ந்து பெரியம்மாவின் கையைப் பிடித்தாள். கல்லாய்க் குளிர்ந்திருந்தது.

"பெரியம்மா, போகாதீங்க! என்னைப் பாருங்க!"

பெரியம்மா பார்த்தாள். எப்போதும்போலவே சொன்னாள். "வழி விடும்மா. பின்னாடி ஆளுங்க வராங்க."

போனாள்.

கடைசியாகச் சியோங். அடித்துக்கொண்டே இருந்தவர், குச்சிகளைப் புல்லில் வைத்துவிட்டு இறங்கினார்.

முரசு ஓய்ந்தது.

அப்படியே நின்றார்கள். கழுத்தளவு நீரில், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும். பிறகு ஒரு பெரிய மூச்சு. எல்லா வாயிலிருந்தும் ஒரே சமயத்தில். கண்களில் நினைவு திரும்பியது. அழுகை கேட்டது. யாரோ இருமினார்கள். பெரியம்மா நடுங்கிக்கொண்டே கரையை நோக்கி ஓர் அடி வைத்தாள். அவளால் முடிந்தது.

"சுசின்..." பெரியப்பாவின் தாடை அடித்துக்கொண்டது. "நான்தாம்மா தள்ளினேன். அன்னைக்கு நான்தான். வீட்டுக்கு ஆசைப்பட்டேன். போதும்மா. குளிருது."

குளிருது.

பல்லக்கின் திரை நனைந்து ஒட்டியிருந்தது. அதன் பின்னால் ஒரு முகத்தின் வடிவம். அது கரையைப் பார்க்கவில்லை. அவளை எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தது. அவ்வளவுதான்.

சுசின் புல்லிலிருந்து குச்சிகளை எடுத்தாள். தூக்கி எறிவதற்காகத்தான் எடுத்தாள். அப்படித்தான் நினைத்தாள்.

"மகளே, வேண்டாம்!" என்றாள் பெரியம்மா.

யாரும் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை. யாரும் தள்ளவில்லை.

அடித்தாள்.

கண்கள் வெறுமையாயின. கரையை நோக்கி வைத்த கால்கள் திரும்பின. தூரத்தில் சந்தை முனையில் முரசொலி கேட்ட பிள்ளைகள் குதூகலித்துக் கூவினார்கள். பட்டாசைக் கொளுத்தினார்கள். வானம் சிவந்தது. அந்தச் சிவப்பில், தலைகள் மூழ்கிய பிறகும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கைகள் தெரிந்தன. ஒவ்வொரு கையிலும் ஊதுவத்தியின் கனல். ஊர்வலம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஆழத்தை நோக்கி. கனல்கள் இறங்கின.

உஸ்.

இன்னொன்று. உஸ்.

முரசு நிற்கவில்லை.