சட்டை கழற்றும் இடம்

தாரிகா உள்ளே வந்து, இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நயினாதீவிலிருந்து வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, ஊர்காவற்றுறைவரை வந்த வெயில் அவள் முகத்தில் இருந்தது.

"மிஸ், என்ரை மனுசன் துவக்குக் களவெடுத்தவர் எண்டு பிடிச்சு வைச்சிருக்கினம்," என்றாள். "அந்த மனுசன் இண்டுவரைக்கும் ஒருத்தற்றை செருப்பைக்கூட மாறிப் போட்டதில்லை."

சட்டத்தரணி சர்மிதா பேனையை மூடி வைத்தாள். எதிரில் ஒருவர் அழப்போகிறார் என்று தெரிந்த பிறகு எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பக்கத்து மேசையில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த மேரிசுகந்தியும் கைகளை நிறுத்தினாள். அது கூச்சத்தால் அல்ல. காணி உறுதிப் பத்திரம் எழுதியும் பங்கு பிரித்தும் அலுத்துப்போன அவளுக்கு ஒரு குற்ற வழக்கு வந்தால் மத்தியானச் சாப்பாடே மறந்துபோகும்.

தாரிகா சொன்னது இதுதான். அவளுடைய கணவன் பிரசாந்தன் நயினாதீவு அம்மன் கோயிலுக்கு முன்னால் அர்ச்சனைக் கடை வைத்திருக்கிறான். கோயிலுக்குள் போகிறவர்கள் பைகளை அங்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை இறுப்பிட்டி சர்வேஸ்வரன் வந்திருக்கிறார். தெற்கில் பல காலம் இரும்புக்கடை நடத்தி, விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். தற்பாதுகாப்புக்கு அரசாங்க அனுமதியோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் என்பது தீவுகள் முழுக்கத் தெரியும். அப்படிக் கொடுத்த துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும், யாருக்கு இன்னும் தேவை என்று மீண்டும் பார்க்கப்படும் என்று அறிவித்தல் வந்திருந்தது. ஒப்படைக்கப் போகும் வழியில் அம்மனைக் கும்பிட வந்ததாகச் சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பி வந்து பையைத் திறந்து, துப்பாக்கியைக் காணவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார்.

"பைக்குள்ளை துவக்கு இருக்கெண்டு உம்மடை மனுசனுக்குச் சொன்னவரோ?" என்று சர்மிதா கேட்டாள்.

"இல்லை மிஸ். பை பாரமாயும் இருக்கேல்லையாம். அதைச் சொல்ல, பொலிஸிலை சிரிச்சவையாம்."

"அவர் கோயிலுக்குள்ளை போனதை ஆரும் கண்டதோ?"

"கோபுரப் பக்கம் நடந்து போனதை இவர் கண்டவர். பேந்து வள்ளச் சனம் வந்திட்டுது. சட்டையைக் கழட்டி அதிலைதான் துவக்கைச் சுத்திப் பைக்குள்ளை வைச்சனான் எண்டு அந்த ஐயா முறைப்பாட்டிலை சொல்லியிருக்கிறார். இவர் அதைக் கவனிக்கேல்லை. அர்ச்சனைத் தட்டு வேண்டாமல் போனவர் எண்டு மட்டும் ஞாபகமாம்."

"நாளைக்கோ கோர்ட்?"

"ஓம் மிஸ். துவக்குக் கேஸுக்குப் பிணை லேசிலை கிடைக்காதாம். கடைக்கு இடம் தந்தவர் இப்பவே வேறை ஆளைப் பாக்கிறாராம்." கதிரையின் முதுகை விட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "இவர் வெளியிலை வந்தாலும், இனி ஆர் மிஸ் எங்களிட்டைப் பையைத் தருவினம்?"

தாரிகா அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் வழியெல்லாம் சுமந்து வந்திருக்கிறாள் என்று சர்மிதா நினைத்தாள். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

தாரிகா போன பிறகு மேரிசுகந்தி கதிரையைத் திருப்பினாள். "மிஸ், எனக்கு அந்த ஐயாவின்ரை மனுசியிலைதான் சந்தேகம்."

"நீங்கள் அவவைப் பாத்ததே இல்லையே, சுகந்தியக்கா."

"பாத்தால் பேந்து இரக்கம் வந்திடும். பாக்க முதலே சந்தேகப்பட்டு வைக்கோணும்."

சர்மிதா கார்த் திறப்பை எடுத்தாள்.

வேலணை தாண்டிப் புங்குடுதீவுப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. மேரிசுகந்தி கேட்டாள்: "இந்தத் துவக்கு லைசென்ஸ் எல்லாருக்கும் குடுப்பினமோ?"

"எங்கை குடுக்கிறது? உயிருக்கு என்ன ஆபத்தெண்டு காட்டவேணும். பொலிஸ் விசாரிக்கும். உடம்பும் மனமும் சரியெண்டு டொக்டர் எழுதவேணும். வருசா வருசம் புதுப்பிக்கவேணும். குடுத்த பிறகும் சும்மா விடமாட்டினம். துவக்கு ஒண்டில் உடம்போடை இருக்கவேணும், இல்லாட்டில் வீட்டிலை பூட்டுக்குள்ளை இருக்கவேணும். இன்னொருத்தற்றை கையிலை குடுக்கவே ஏலாது. கொண்டு திரியேக்கை லைசென்சும் கூடவே இருக்கவேணும்."

"கலியாணம் கட்டின மாதிரித்தான்."

"அதைவிடக் கண்டிப்பு."

"அப்ப ஐயா கடையிலை குடுத்திட்டுப் போனது பிழைதானே?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. போன வருசம் ஒரு சத்தியக்கடதாசிக்கு எங்களிட்டை வந்தவர். முத்திரை சரிஞ்சிருக்கெண்டு திருப்பித் தந்தவர், ஞாபகமோ?"

"ஐயோ, அந்த மனுசனோ!" என்றாள் மேரிசுகந்தி. அவள்தான் அதைத் திரும்பத் தட்டச்சுச் செய்திருந்தாள்.

இறுப்பிட்டியில் ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தது. வெயிலில் இன்னும் நிறம் மங்கவில்லை. "பிரான்சிலை செத்திருக்கிறார், மிஸ். இளம் வயது. சிறிய தந்தை சர்வேஸ்வரன் எண்டு போட்டிருக்கு. அண்ணன்ரை மகன் போல. பாவம், அந்த வீட்டிலை துன்பத்துக்கு மேலை துன்பம்," என்று வாசித்தாள் மேரிசுகந்தி. எந்த ஊருக்குப் போனாலும் அவள் முதலில் வாசிப்பது இறந்தவர்களைத்தான்.

வீட்டு முற்றத்தில் செவ்வரத்தைகள் மரம் கொள்ளாமல் பூத்திருந்தன. நேற்றைய பூக்கள் கொப்பிலேயே சுருண்டு கிடந்தன. அதற்கு முந்தையவை நிலத்தில் உதிர்ந்து கறுத்திருந்தன. சர்மிதா ஒரு கணம் நின்று அவற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கரண்ட் இல்லை. விறாந்தைக் காற்றாடி அசையாமல் தொங்கியது. சர்வேஸ்வரன் கதிரையின் நுனியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து இருந்தார். வெள்ளை வேட்டி. கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீளக்கைச் சட்டை. சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. அவருடைய மனைவி நல்லம்மா பனையோலை விசிறியால் தனக்கு விசிறாமல் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"பிரசாந்தனுக்காக வந்திருக்கிறன் ஐயா," என்றாள் சர்மிதா.

"பாவம், அந்தப் பொடியன்," என்றார் சர்வேஸ்வரன். "அவன் எடுத்தவன் எண்டு நான் சொல்லேல்லை. காணேல்லை எண்டுதான் சொன்னனான்."

"உங்கடை லைசென்சின்ரை இலக்கம் எனக்குத் தேவைப்படுது."

அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் பிளாஸ்டிக் உறையில் போட்ட அனுமதிப்பத்திரத்தை எடுத்து நீட்டினார். சர்மிதா குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். அதை அவர் மறுபடி சட்டைப் பையில் வைத்து, பையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"அண்டைக்குக் கோயிலிலை நல்ல சனமோ?"

"வாசல் முழுக்கச் சனம். வெயில் எண்டாலும் வெயில்."

"உள்ளுக்கும் அப்பிடியோ?"

அவர் விசிறியைப் பார்த்தார். "அம்மாளாச்சிக்கு எப்பவும் சனம்தானே, பிள்ளை."

நல்லம்மா பெருமூச்சு விட்டார். "அம்மாளாச்சியின்ரை திருவிழாக் கொடியேறப் போகுது. வருசா வருசம் போறனாங்கள். இந்த முறை எங்களுக்கில்லை."

எல்லாம் அந்தத் துப்பாக்கியால் வந்த வினை என்று எண்ணி மேரிசுகந்தி இரக்கத்தோடு தலையாட்டினாள்.

எழுந்து போகும்போது சர்மிதா அந்த மனிதரின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக, அசையாமல் கிடந்தன. பொய் சொல்கிறவர்கள் கைகளை ஆட்டுவார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இவருடைய கைகளில் தெரிந்தது வேறு ஏதோ. நெடுங்காலம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கப் பழகிய கைகள் அவை.

காரில் ஏறியதும் மேரிசுகந்தி குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், துவக்கு வீட்டுக்குள்ளைதான். ஐயா மறந்து எங்கையும் வைச்சிட்டாரோ எண்டு பொலிஸ் வீடு முழுக்கத் தேடினதாம், அலுமாரி, குசினி, இரும்புப் பெட்டிகூட. ஆனால் சாமியறை பூட்டிக் கிடக்கு. வீட்டம்மா இப்ப திறக்கேலாது எண்டு சொல்ல, சார்ஜன் விட்டிட்டுப் போயிட்டாராம். நான் குசினிக்குத் தண்ணி குடிக்கப் போய், அங்கை சமைக்கிற மனுசியிட்டைக் கேட்டு வந்தனான்."

"நல்ல வேலை செய்தனீங்கள், சுகந்தியக்கா. துவக்கு அவரிட்டைத்தான் இருக்கு. ஆனால் சாமியறையிலை இல்லை."

"ஏன்?"

"அங்கை வைக்கிற மனுசன் எண்டால் கோயிலுக்குள்ளையும் போயிருப்பார்."

மேரிசுகந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. சர்மிதா தொலைபேசியை எடுத்து, வழக்கைப் பார்க்கும் சார்ஜன் கணநாதனை அழைத்தாள். பிறகு, கடைசி வள்ளத்துக்காகக் குறிகட்டுவானில் காத்திருந்த தாரிகாவையும் அழைத்தாள்.

பின்னேரம் அதே விறாந்தையில் எல்லோரும் இருந்தார்கள். சர்வேஸ்வரன் அதே கதிரையின் நுனியில். சார்ஜன் கணநாதன் தொப்பியை மடியில் வைத்திருந்தார். தாரிகா மட்டும் தூணருகே நின்றாள். இன்றைக்கு முழுவதும் அவள் எந்தக் கதிரையிலும் இருக்கவில்லை.

"சார்ஜன், பிரசாந்தன் அந்தத் துவக்கை எடுத்திருக்கேலாது," என்றாள் சர்மிதா. "ஏன் எண்டால் அது பைக்குள்ளை இருக்கவேயில்லை. பை பாரமில்லை எண்டு அவர் உண்மைதான் சொன்னவர்."

"ஐயா கோயிலுக்குள்ளை போகேக்கை வைச்சவர் எண்டு முறைப்பாடு இருக்கே, மிஸ்."

"ஐயா கோயிலுக்குள்ளை போகேல்லை. போகவும் ஏலாது. ஒழுங்கை முடக்கிலை பதாகை கட்டியிருக்கு. அண்ணன்ரை மகன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் முடியேல்லை. இந்த வீட்டுக்குத் துடக்கு. செவ்வரத்தைப் பூவெல்லாம் மரத்திலையே வாடுது, சாமிக்கு வைக்க ஆக்கள் இல்லை. சாமியறை பூட்டு. இந்த முறை திருவிழா எங்களுக்கில்லை எண்டு அம்மாவே சொன்னவ."

மேரிசுகந்தி கதிரையை முன்னால் இழுத்தாள். மாதா கோயிலுக்குப் போக அவளுக்கு எந்தச் சாவும் தடையாக இருந்ததில்லை. "அப்ப... செத்த வீட்டுக்காரர் கோயில் படி மிதிக்கேலாதோ?"

"அந்தியேட்டி முடியுமட்டும் மிதிக்கமாட்டினம். சரிஞ்ச முத்திரையையே பொறுக்காத மனுசர் இதை மீறுவாரோ?" சர்மிதா சர்வேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "துவக்கை இன்னொருத்தற்றை கையிலை குடுக்கேலாது எண்டும் உங்களுக்குத் தெரியும், ஐயா. ஒரு நாளும் அதை விட்டுப் பிரியாத நீங்கள் எங்கையோ வைச்சிட்டு மறந்தனான் எண்டால் ஒருத்தரும் நம்பாயினம். ஊர் நம்பிற மாதிரி உடம்பை விட்டு அதைக் கழட்டவேண்டிய இடம் ஒண்டுதான். ஆம்பிளையள் சட்டையைக் கழட்டிப்போட்டுப் போற இடம். அதாலைதான் வள்ளம் ஏறினனீங்கள். ஆனால் வாசலோடை நிண்டிட்டீங்கள். பொலிஸுக்குப் பொய் சொல்ல முடிஞ்சுது. துடக்கோடை படி ஏற முடியேல்லை."

விசிறி நின்றது. நல்லம்மா கணவரைப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது அந்த முகத்தில் இருந்தது. மேரிசுகந்தி தன் சந்தேகத்தை மனதுக்குள் வாபஸ் வாங்கினாள்.

"அப்ப துவக்கு எங்கை?" என்றார் சார்ஜன். "வீடு முழுக்கப் பாத்தனாங்களே."

"வீட்டைப் பாத்தனீங்கள். முறைப்பாடு குடுத்தவரைத் தடவிப் பாக்கிற வழக்கம் இல்லைத்தானே?" சர்மிதாவின் குரலில் வெற்றி இல்லை. "காற்றாடி வேலை செய்யாத வீட்டிலை, இந்த வெக்கைக்கு, கழுத்துமட்டும் பூட்டின சட்டை. கதிரையிலை சாயாமல் இருக்கிறார். துவக்கோடை லைசென்சும் இருக்கவேணும் எண்டது விதி. துவக்கைத் துலைச்சவர் அந்த லைசென்சை ஏன் இன்னும் சட்டைப் பையிலை கொண்டு திரியிறார்?"

சர்வேஸ்வரன்தான் முதலில் பேசினார். குரல் சாதாரணமாக இருந்தது.

"துலைஞ்சுதெண்டு எழுதி முடிச்சுவிடுவினம் எண்டு நினைச்சன். அவனைப் பிடிப்பினம் எண்டு நினைக்கேல்லை."

"பிடிச்ச பிறகும் ஏன் ஐயா பேசாமல் இருந்தனீங்கள்?" என்று தாரிகா கேட்டாள். அவள் சத்தம் போடவில்லை.

அவர் அவளைப் பார்க்க முயன்று, முடியாமல், சர்மிதாவைப் பார்த்தார். "ஆபத்து என்ன எண்டு திரும்பக் கேக்கப்போகினமாம். என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை? இப்ப ஒருத்தனும் என்னை வெருட்டேல்லை. கடையும் இல்லை." சட்டைப் பையை உள்ளங்கையால் அழுத்தினார். "நான் ஒருநாளும் சுட்டதில்லை. ஆனால் நீர் பிறக்க முதலிருந்து, எந்தச் சந்தியிலையும் ஆமியும் பொலிஸும் என்னை இறக்கிக் கையைத் தூக்கச் சொல்லித் தடவினவங்கள். கடைக்குப் போகேக்கையும், வரேக்கையும், இவ பக்கத்திலை நிக்கேக்கையும். இந்தக் கடதாசி வந்த பிறகு ஒருத்தனும் தடவேல்லை. இதைக் காட்டினால், போங்கோ ஐயா எண்டாங்கள். அதுக்காகத்தான் வைச்சிருந்தனான்."

அவர் சொன்னது உண்மை. ஒரு குற்றமும் செய்யாத பிரசாந்தன் தடுப்பில் இருந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சர்மிதாவுக்குத் தெரியவில்லை. தூணருகே நின்றவளை ஒருமுறை பார்த்தாள். அது போதுமாயிருந்தது.

"ஒப்படைக்கிறதுக்கு இன்னும் தவணை இருக்கு, ஐயா. இப்ப நீங்களாக் குடுத்தால் அது ஒப்படைச்சதாய் இருக்கும். பொய் முறைப்பாட்டுக்குக் கோர்ட்டிலை பதில் சொல்லத்தான் வேணும். நாளைக்குப் பிரசாந்தன் வீட்டை போகவேணும். கடைவாசலிலை, எல்லாருக்கும் கேக்க, நீங்கள்தான் அவரைப் பற்றி உண்மையைச் சொல்லவேணும்."

"ஓம்," என்றார் சர்வேஸ்வரன்.

அவர் எழுந்தார். மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்துக் கதிரையின் முதுகில் போட்டார். தோல் உறையில் அந்தக் கறுப்பு இரும்பு இடது இடுப்பில் இருந்தது. அதைச் சுற்றித் தோல் வேர்க்குருவால் சிவந்திருந்தது.

சார்ஜன் கணநாதன் தொப்பியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். யாரும் சொல்லவில்லை. சர்வேஸ்வரனின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே உயர்ந்தன.

சார்ஜன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு விலகிய பிறகும் அவை அப்படியே நின்றன. நல்லம்மா விசிறியை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, முதலில் ஒரு கையையும் பிறகு மற்றக் கையையும் பிடித்துக் கீழே இறக்கினார்.