அடியில் ஒன்றும் கேட்கவில்லை

காலை எட்டரைக்கு என் கணவருடைய சட்டைக் கையிலிருந்து பொத்தானை வெட்டி எடுத்தேன். வாசிக்கும்போது அது ஆர்கனின் மரத்தில் பட்டால் அந்தச் சத்தத்தை மைக் பிடித்துவிடும். "தொலைச்சிடாதே, சாயங்காலம் தைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்குத் தேவாலயத்தின் கல்தரையில் உயிரில்லாமல் கிடந்தார். நேர் மேலே, ஆர்கன் மாடம்.

அந்தப் பழைய குழாய் ஆர்கனில் அவர் வாசிக்க, பரோக் என்னும் பழைய ஐரோப்பிய இசையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பதிவின் முடிவைப் போட்டுக் காட்டினார். வாசிப்பு முடிகிறது. சற்று அமைதி. பிறகு விழும் சத்தம்.

"முடிச்சிட்டுக் குதிச்சிருக்காரும்மா. தற்கொலைன்னு எழுதிடலாம்."

"எழுதக் கூடாது சார்."

தற்கொலை என்றால் அவர் பெயரில் அந்த இசை வெளிவராது என்று தேவாலயக் குழு சொல்லிவிட்டிருந்தது.

"மனசு கேக்காதுதான்..."

"மனசை விடுங்க. கூட இருந்தவங்களை என் முன்னாடி விசாரிங்க."

இரண்டே பேர். ஒலிப்பதிவாளரைக் காதுக்காரர் என்போம். மற்றவர் குழாய்க்காரர், ஆர்கனைப் பழுதுபார்ப்பவர், பதிவின்போது மாடத்தில் ஆர்கனுக்குப் பின்னால் நின்று, குழாய்களுக்குக் காற்று தரும் துருத்தியை மிதிப்பவர்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மெஷினை ஓடவிட்டுட்டு டீக்கடையில இருந்தேன் சார்" என்றார் காதுக்காரர். "நான் மூச்சு விடறதே பதிவாகுதுன்னு துரத்திடுவார். கடைக்காரரைக் கேளுங்க."

"நீங்க?"

"முழங்கால் வலி சார்" என்றார் குழாய்க்காரர். "கடைசி உருப்படிக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். காற்றுக்கு மோட்டார் போட்டுக்கறேன், நீ போன்னார். தனியா இருக்கணும்னு தோணியிருக்கு, பாவம்."

ஹெட்ஃபோனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

"கடைசி உருப்படி சார். இசையை விட்டுடுங்க. அடியில என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலையே."

"இப்ப எல்லாரும் வாங்க."

தேவாலயத்தில் மோட்டாரைப் போட்டேன். வாசலில் லாரி நிற்பதுபோல் உறுமியது.

காதுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனை தடவை கேட்டேன் அண்ணி. இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே பதியறப்ப மோட்டாரை நிறுத்திட்டுத் துருத்தியை மிதிக்கறோம். சத்தம் இல்லாததே பழகிப்போச்சு. உறைக்கவே இல்லை."

"காற்று நின்னா நாலு சுரம்கூடத் தாங்காது சார்" என்றேன். "மோட்டார் ஓடலை. அப்ப கடைசிச் சுரம் வரைக்கும் யாரோ மிதிச்சிருக்காங்க. அந்த ஆள் மாடத்துல இருக்கும்போதுதான் இவர் விழுந்திருக்கார்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

குழாய்க்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்கனின் உட்புறம், கண்ணுக்குத் தெரியாத வரிசையில், பழைய ஈயக் குழாய்கள் இருந்த இடத்தில் சாயம் பூசிய தகரம் நின்றது. பழையவற்றைக் குழாய்க்காரர் விற்றுவிட்டிருந்தார்.

"காலையிலயே கண்டுபிடிச்சிட்டார்" என்றார். "குழுகிட்ட சொல்லத்தான் போறேன், முதல்ல இதை முடிப்போம்னார். மிதிச்சேன். வாசிச்சு முடிச்சு எழுந்து மாடத்துக் கைப்பிடிச் சுவர்கிட்ட வந்தார். தள்ளிட்டேன்."

முதலில் இதை முடிப்போம். அதை அவர் சொல்லியிருப்பார் என்று எனக்கு யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லை.

குழு வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவித்தது. நான் உட்காரச் சொல்லவில்லை. கடைசி உருப்படியை மட்டும் விட்டுவிடலாமே என்றார்கள். விடவில்லை. அவர் பெயரிலேயே, முழுதாக வந்தது.

அதைப் போட்டால், தகர வரிசையின் ஓரத்துக் குழாய் இன்றும் சற்றுத் தாழ்ந்துதான் ஒலிக்கிறது.