இருபதாவது கணினி

சாயங்காலம் ஐந்தரை மணி. ஆயுதபூஜைக்குப் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த அந்த மாடி வகுப்பில், சந்தனமும் சூடமும் மணக்க, எல்லாத் திரையும் அணைந்திருக்க, எங்கோ ஒரு கணினிக்குள் ஃபேன் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்ததை ஜெயப்பிரியா கேட்டாள்.

கடைசி மேசை. அவள் புருஷன் சின்னுசாமியுடையது. அவர் இறந்து நாலு மாதம். துக்க வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. பிள்ளைகளுக்காகத்தானே என்று பூஜை போட்டாள். பத்தொன்பது திரைக்குப் பொட்டு வைத்த கை, பழக்கத்தில் இருபதாவதற்கும் வைத்துவிட்டது.

நாளை அதை அழித்துப் புதிதாக்க வேண்டும். அவர் குரலில் பதிந்த பாடங்கள் அத்தனையும் அதற்குள்தான். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அழிக்கச் சம்மதித்தபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. என்ன பெண் நான் என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பூஜை போட்டதை விடியும்வரை தொடக்கூடாது. தொட்டாள். அணைக்கப் போனாள். திரையில் எழுத்து வந்தது.

'இன்னொருவர் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது அணைத்தால் அவர் சேமிக்காதது அழிந்துபோகும்.'

சர்வீஸ் பார்க்கும் வெள்ளியங்கிரிக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர், அண்ணன் லாகின் மூடாம இருக்குமுங்க. ஆமான்னு அழுத்திருங்க. காலைல வாரேன்."

"நாலு மாசமா இதுக்குக் கரண்டே குடுக்கலை."

"அழுத்திட்டு ஊட்டுக்குக் கெளம்புங்க" என்று வைத்துவிட்டான்.

இயங்குதளம் என்பது வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள். யாரை உள்ளே விடலாம், யாருக்கு எந்த அறை என்று அதுதான் முடிவு செய்யும். ஒன்பது வருடமாக அவளே நடத்திய பாடம். அதில் நாலு வகை: ஒருவர் மட்டும் புழங்குவது, பலர் புழங்குவது, வேலையைத் தொகுத்து வரிசையாக முடிப்பது, சொன்ன நொடியில் செய்தாக வேண்டியது. இரண்டாவது வகைக்குச் சின்னுசாமி ஒன்று சேர்த்துச் சொல்வார். "திரையில ஒருத்தர்தான் தெரிவார். உள்ள எத்தனை பேர் வேணும்னாலும் இருக்கலாம்."

விசைப்பலகையில் சந்தனம். அவள் வைக்காத இடங்களில். ஒவ்வொரு எழுத்திலும்.

அணைத்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும்; அவர் குரல் போய்விடும். அணைக்காவிட்டால்?

ஆம் என்று அழுத்தினாள்.

திரை இருண்டது. ஃபேன் நின்றது.

கண்ணாடியில் பொட்டு. அதைச் சுற்றி விரல் தடங்கள். நான்கு முழுசு. ஆள்காட்டி விரல் மட்டும் குட்டை. சின்ன வயதில் விசைத்தறி சின்னுசாமியிடமிருந்து எடுத்துக்கொண்ட நுனி.

முந்தானையால் துடைத்தாள். பொட்டு வந்துவிட்டது.

விரல்கள் வரவில்லை. அவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஈரமாக. மெல்ல, கீழே இழுபட்டுக்கொண்டு.