இடப்பக்கம் ஒரு நாற்காலி

யாரும் அருகில் இல்லாதபோதும் அந்தக் கருவி முனகியது.

தெரமின் என்ற அந்த மின்னிசைக் கருவியைத் தொட்டு வாசிப்பதில்லை. பெட்டியின் வலப்பக்கம் நிற்கும் கம்பியை நோக்கிக் கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். இடப்பக்கத்து வளையத்தின் மேல் கையைத் தாழ்த்தினால் ஓசை அடங்கும். எல்லோரும் விலகிவிட்டால் மௌனம். காலையில் கடையில் வைத்துப் பார்த்தபோதுகூட அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கையின் அறையில் வைத்த பிறகுதான் இந்த முனகல். பழுது பார்க்கும் கடை நடத்தும் அக்காவுக்கு மின்சார இரைச்சல் நன்றாகத் தெரியும். அது ஒரே சீராக இருக்கும். இதுவோ மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, வெகுநேரம் நின்றவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றுவதுபோல.

"உன் கடைக்கு வந்து சரியாகாமத் திரும்பிப் போன ரேடியோ எல்லாம் சேர்ந்து விட்ட சாபம்க்கா," என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த தங்கை.

"வாயை மூடுடி. நாளைக்கு இது இப்படி முனகுச்சுன்னா அவமானம் உனக்கா, எனக்கா?"

இருவருக்கும்தான். விபத்துக்கு முன் தங்கை வயலின் வாசித்தவள். அதன்பின் கால்களோடு இடது கையும் அசையாமல் போயிற்று. கால்களுக்காவது காரணம் சொன்ன மருத்துவர்கள், கையில் ஒரு குறையும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இசைப்பள்ளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அக்கா படியேறிப் படியேறிக் கெஞ்சியதில், நாளை ஒரே ஒருமுறை அவள் தெரமின் வாசிப்பதைக் கேட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தார்கள். வலது கை சுருதிக்கு. வளையத்தின் மேல் அவள் கைக்குப் பதிலாக அக்காவின் கை.

அக்கா விளக்கை அணைத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். இரண்டு தொலைபேசிகளையும் வாசல்வரை கொண்டுபோய் வைத்தாள். எர்த் கம்பியை மாற்றினாள். கடைசியில் வீட்டு மின்சாரத்தையே நிறுத்திவிட்டு, கருவியை மின்கலத்தில் ஓடவிட்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்திவெளிச்சம் சுவரில் சாம்பலாகப் படிந்திருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தும் அறைக்குள் நனைந்த தாரின் வாடை, அதனடியில் லேசாகப் பெட்ரோல்.

முனகல் நிற்கவில்லை.

பெட்டியை முக்காலியோடு சமையலறைக்குத் தூக்கிப்போய் வைத்து விலகி நின்றாள். மௌனம். கூடத்தில் வைத்தாள். மௌனம். தங்கையின் அறை வாசலில் கொசு ரீங்கரிப்பதுபோல் தொடங்கியது. உள்ளே நகர்த்த நகர்த்த ஏறியது. தங்கையின் வலப்பக்கம் வைத்தபோது கொஞ்சம் தணிந்தது. இடப்பக்கம் வைத்தபோது வீறிட்டது.

"கையை ஆட்டினியா?"

"இந்தக் கையையா? நல்லா ஆட்டுவேனே," என்று தங்கை மடியில் கிடந்த இடது கையைக் கண்ணால் காட்டினாள்.

இந்தக் கருவிக்கு வெளிச்சம் தெரியாது, நிழல் தெரியாது. பக்கத்தில் இருக்கும் உடம்பு மட்டும்தான் தெரியும்.

சாலையில் தங்கை அடிபட்டுக் கிடந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை யாரோ ஒருவர் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். முகம் நினைவில்லை, பிடி மட்டும் நினைவிருக்கிறது என்பாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்காக அக்கா தினமும் மாலையில் கடவுளிடம் வேண்டிக்கொள்வாள். இப்படிப்பட்ட சின்ன நல்லதுகளால்தான் உலகம் கவிழாமல் இருக்கிறது என்று நம்புகிறவள் அவள். இன்றும் வேண்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினாள்.

அக்கா நகரவில்லை.

"யாரா இருந்தாலும் சரி," என்றாள் வெறும் காற்றைப் பார்த்து. "நாளைக்கு இவ வாசிச்சாகணும். யாருக்காகவும் நான் அதை விட்டுத்தர மாட்டேன்."

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "நின்னுட்டே இருக்காங்களாக்கா? பாவம். ஒரு நாற்காலி போடேன்," என்றாள்.

அக்கா பிரம்பு நாற்காலியைத் தங்கையின் இடப்பக்கம் இழுத்துப் போட்டாள். வீறிடல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிரம்பு கிறீச்சிட்டது. அதன்பின் ஒலி அசையவேயில்லை. ஒரே நிலையில், தாழ நின்றது.

தெரமினுக்குச் சுருதி சேர்க்கும்போது வாசிப்பவர் தவிர வேறு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அது இந்தத் தொழிலின் பாலபாடம். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும், பிரம்பு நாற்காலியில் இருப்பதையும் கணக்கில் சேர்த்தே சுருதிக் குமிழைத் திருப்பினாள். ஒலி தேய்ந்து தேய்ந்து அடங்கியது. சுத்தமான மௌனம்.

"இப்ப வாசி."

தங்கையின் வலது கை காற்றில் எழுந்தது. அக்கா வளையத்தின் மேல் உள்ளங்கையை ஏற்றி இறக்கினாள். மழையையும் மீறி, ஈரம் காயாத குரல்போல ஒரு பாட்டு அறையை நிறைத்தது. வயலின் பெட்டியைப் பரணில் ஏற்றிய நாளுக்குப் பிறகு தங்கையின் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அக்கா பார்த்ததில்லை. பாட்டு முடிந்து, தங்கை வலது கையை மடியில் வைத்தாள்.

ஒலி நிற்கவில்லை.

நாற்காலியில் இருந்தது எழுந்துவிட்டது. கிட்டே வந்ததா, தள்ளிப் போனதா? மௌனத்தில் சுருதி சேர்த்த கருவி, பக்கத்து உடம்பு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பாடும். கையை நீட்டினால் தெரிந்துவிடும். தள்ளிப் போயிருந்தால் அவள் கை அந்த இழப்பை ஈடுகட்டி ஒலி இறங்கும். கிட்டே வந்திருந்தால் இன்னும் ஏறும்.

அக்கா கையைக் கம்பியை நோக்கி நீட்டினாள்.

ஏறியது.

தார் வாடை. மிக அருகில். தங்கையின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. விரல்கள் தொங்கின. மணிக்கட்டு மட்டும் உயர்ந்தது. தோலில் குழிகள். ஐந்து குழிகள். யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். இப்போது பிடித்ததல்ல, இத்தனை நாளும் விடாமல் பிடித்தது.

"அக்கா," என்றாள் தங்கை. "அன்னிக்குப் பிடிச்ச அதே பிடிக்கா."

அக்கா அந்த மணிக்கட்டைப் பற்றினாள். அவள் உள்ளங்கைக்கும் தங்கையின் தோலுக்கும் நடுவே ஏதோ இருந்தது. சில்லென்று. நனைந்து. மணல் ஒட்டி.

"நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டோம்." அக்காவின் பிடி தளரவில்லை. "ஆனா இவ கையை விட்டுடுங்க. தனியா இருக்க முடியலைன்னா என் கையைப் பிடிச்சுக்குங்க."

குழிகள் ஒவ்வொன்றாக நிரவின. தங்கையின் இடது கை மடியில் விழுந்தது. சுண்டுவிரல் துடித்தது. பிறகு மோதிரவிரல். தங்கை அழுதுகொண்டே அவற்றை மடக்கினாள். நீட்டினாள்.

அக்காவின் விரல்களுக்கு இடையே குளிர்ந்த விரல்கள் நுழைந்து கோத்துக்கொண்டன. விரல்நுனி மரத்தது. உள்ளங்கை மரத்தது.

"அழாதடி. ரெண்டு கையாலயும் வாசி."

அக்காவின் கை கீழ்நோக்கி மெதுவாக இழுக்கப்பட்டது. பிரம்பு கிறீச்சிட்டது. அது உட்கார்ந்துகொண்டது. கருவியில் இப்போது துளி முனகல்கூட இல்லை. அக்கா வெறும் நாற்காலியின் பக்கத்தில் கையைத் தாழ்த்தியபடி நின்றாள். முழங்கை வரை உணர்ச்சி இல்லை. அவள் விரலிடுக்குகளில் குழிகள் ஆழமாயின. அவற்றிலிருந்து கறுத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.