மூன்றாவது படம்

அந்தத் தபால் தலையில் இரண்டே படங்கள்தான் உண்டு என்பது நாகேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். நேராகப் பிடித்தால் மஞ்சள் மீன். கொஞ்சம் சாய்த்தால் அதே இடத்தில் நீல மீன். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து வந்திருக்கிறார். அன்று மத்தியானம் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில், மயிரிழை அளவுக் கோணத்தில், ஒரு வீட்டு வாசல் தெரிந்தது.

தபால் தலையைக் கண்ணருகே கொண்டுபோனார். வாசல் மறைந்துவிட்டது.

மதுரையில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக அவர் ஆல்பத்தை எடுத்து மேசைமேல் விரித்திருந்தார். வெளியே ராமநாதபுரத்துச் சித்திரை வெயில் தகரக் கூரைகளைப் படார் படாரென்று சத்தம் போட வைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் போய் மின்விசிறி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்க, அடுப்படியில் மனைவி கலைச்செல்வி கருவாடு வறுக்கும் வாடை வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கண் மங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருந்த அந்தப் பிளாஸ்டிக் தலையின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். கிர்ர் என்றது. எப்போதும் கேட்கும் சத்தம்தான். நகத்தை எடுத்த பிறகும் இன்னொரு தடவை கேட்டது.

அடியிலிருந்து.

அடுத்த தலையைச் சாய்த்தார். அதில் பாய்மரக் கப்பல் ஒன்று அலையில் ஏறி இறங்க வேண்டும். ஏறியது. இறங்குவதற்கு முன்னால் அதே வாசல். இந்தத் தடவை கிட்டத்தில். பச்சைக் கதவு, இரண்டு படி, கதவைப் பிடித்தபடி வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண்.

அந்தப் பச்சைக் கதவை அவர் மறந்ததாக நினைத்திருந்தார்.

காரங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் அவர் தபால்காரராக இருந்தபோது, கைப்பேசி வராத காலம் அது, ஜஸீலா என்ற பெண் தினமும் அந்தப் படியில் நிற்பாள். அவள் புருஷன் அப்துல் அஜீஸ் கப்பலில் சமையல்காரன். மனைவிக்குப் பிடிக்கும் என்று, கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இந்த மாதிரி படம் மாறும் தலையாகத் தேடி ஒட்டி அனுப்புவான். முதல் தலையைப் பார்த்த அன்றே நாகேந்திரனுக்கு ஆசை விழுந்துவிட்டது. தலையை மட்டும் கிழித்தால் கேள்வி வரும். அதனால் கடிதத்தையே எடுத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று பதினொரு கடிதம்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரவுக கடுதாசி ஏதும் வந்துருக்கா?"

"இல்லம்மா. வந்தா நான் தராம எங்க போறேன்?"

கடைசிக் கடிதத்தை மட்டும் படித்துப் பார்த்தார். 'பத்துக் கடிதம் போட்டும் பதில் இல்லையே, என்மேல் என்ன கோபம்?' என்று இருந்தது. தலையைப் பிரித்துக்கொண்டு, மற்றவற்றைப் போலவே அதையும் அடுப்பில் வைத்தார். அதற்குள் ஊர், அவனுக்கு வேறு துறைமுகத்தில் வேறு குடும்பம் இருக்கிறது என்று பேசத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் படியில் அவள் இல்லை. மூன்றாம் நாள் கடலோர அலையாத்திக் காட்டில், வேர்களுக்கு நடுவில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். நண்டுகள் முகத்தை விட்டுவைக்கவில்லை. நாகேந்திரனும் போய்க் கூட்டத்தோடு நின்று பார்த்தார். மாலையில் வீட்டுக்கு வந்து மீன் படத் தபால் தலையை ஆல்பத்தில் செருகினார்.

மூன்றாவது தலை. அவள் படியிறங்கியிருந்தாள்.

நான்காவது. தெருவில் நடந்து வந்தாள். துப்பட்டி நனைந்து ஒட்டியிருந்தது.

ஐந்தாவதைச் சாய்க்கவில்லை. பதினொன்றையும் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். தேங்காய்ச் சிரட்டையில் போட்டுத் தீக்குச்சி கிழித்தார். பிளாஸ்டிக் சுருண்டது, குமிழ் விட்டது, உருகியது. கருகல் வாடைக்குப் பதிலாக வேறொன்று எழுந்தது. கடல் வற்றிய பிறகு அலையாத்தி வேரடியில் கிடக்கும் கறுத்த சேற்றின் வாடை. உருகும்போது பதினொன்றும் சேர்ந்து கிர்ர் என்றன.

சாம்பலைக் காலால் மிதித்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். முடிந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். வியர்வையைத் துடைக்கத் தலையை லேசாகத் திருப்பினார்.

சுவர் இல்லை. பச்சைக் கதவு.

திரும்பவும் நேரே பார்த்தார். காலண்டர். சுவர். பல்லி.

சன்னல் பக்கம் ஒரு விரற்கடை திரும்பினார். சன்னல் கம்பிகளைப் பிடித்தபடி அவள். நேரே பார்த்தார். வெறும் வெயில்.

புரிந்துபோனது. இப்போது அறை முழுவதும் வரிவரியாக இருந்தது. மேசை, பீரோ, தரையில் விழுந்த வெளிச்சம், எல்லாமே. ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் இன்னொரு படம். தலையை அசைத்தால் அவள் வருவாள். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடி.

அசையக் கூடாது.

அவர் காலண்டரையே பார்த்தார். கழுத்து விறைத்தது. ஈ ஒன்று உதட்டில் உட்கார்ந்தது. ஊதவில்லை. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை.

"என்னங்க, சோறு எடுத்து வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே கலைச்செல்வி வந்தாள். "ஏன் இப்புடி உக்காந்துருக்கீக? கழுத்துப் பிடிச்சுக்கிருச்சா?"

"தொடாத."

"குனிஞ்சு குனிஞ்சு அந்த நோட்டையே பாத்தா வேற என்ன ஆகும்? இருங்க, தைலம் கொண்டாரேன்."

"வேணாம். கலை, வேணாம்."

காலடி போனது. காலடி வந்தது. தைலத்தின் நெடி. அவள் எதிரில் வந்து நின்றாள். மனைவியின் முகம்தான். நெற்றியில் வியர்வை, மூக்கோரத்தில் மாவு. அவள் இரண்டு கையாலும் அவர் கன்னங்களைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது.

"இறுக்காதீக. மெதுவாத்தேன் திருப்புறேன்."

"கலை..."

கழுத்தில் நெட்டி முறிந்தது. மனைவியின் முகத்தில் மேலிருந்து கீழாக வரிகள் ஓடின. நெற்றி பிளந்தது. மூக்கு போனது.

வெள்ளைத் துப்பட்டி. கண் இருந்த இடத்தில் கறுத்த சேறு. சேற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. முடியிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் மடியில் சொட்டியது. சொட்டியது.

உதடு இல்லாத அந்த வாய் திறந்தது. கலைச்செல்வியின் குரல், பரிவோடு கேட்டது.

"இப்ப நல்லாருக்கா?"

கைகள் குளிர்ந்திருந்தன. கன்னத்தை விடவில்லை. அவர் முகத்தை அந்தக் கோணத்திலேயே இறுக்கிப் பிடித்திருந்தன.