ஆறு அறையும் நலம்

பெட்டியைப் பிரித்து, சுவரில் மாட்டி, இரண்டு கம்பிகளை முறுக்கி முடித்ததும் எக்ஸ்பாண்டரின் விளக்கு சிவப்பாக மினுக்கியிருக்க வேண்டும். அது அசையாமல் பச்சையாக எரிந்தது.

அவள் திருப்புளியைப் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புது எக்ஸ்பாண்டர் பிறந்த குழந்தை மாதிரி, அதற்கு யாரையும் தெரியாது. எந்த அறையில் எந்தப் புகை டிடெக்டர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அறிமுகமானவை எல்லாம் கம்பியில்லாமலே பதில் குரல் கொடுத்தால்தான் பச்சை வரும். அவள் இன்னும் ஒன்றைக்கூட அறிமுகம் செய்யவில்லை.

அது பெண்கள் விடுதி ஒன்றின் மூன்றாம் மாடி, பழைய கட்டடத்தின் மேல் புதிதாக எழுப்பியது. பூசிய சுவரைக் குடைந்து கம்பி இழுக்க நிர்வாகத்துக்கு மனமில்லை. அதனால்தான் எக்ஸ்பாண்டர்: மாடியில் இருக்கும் டிடெக்டர்களின் பேச்சைக் காற்றில் கேட்டுக் கீழே இருக்கும் அலாரம் பேனலுக்குச் சொல்லும் பெட்டி. ஆறு அறைகளிலும் அண்ணன் நேற்றே டிடெக்டர்களை மாட்டியிருந்தான். எக்ஸ்பாண்டரை இணைத்து, சோதித்து, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. படித்தவள் அவள், கையெழுத்து அவளுடையதுதான் செல்லும். நாளைக் காலை பெண்கள் பெட்டி படுக்கையோடு வந்துவிடுவார்கள்.

கீழே வார்டனம்மா காத்திருந்தார். மேலே ஏறும்போது, ஏணி ஏறுகிற பெண் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று அதட்டி, ஒரு டம்ளர் தேநீரை அவள் கையில் வைத்திருந்தார். கேட்காமல் கிடைத்த தேநீர் கடவுள் கொடுத்தது என்று நம்புகிறவள் அவள். குடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்க்க மாடியின் மின்சாரத்தை நிறுத்தியிருந்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு பெய்தது. நடைவழியின் கோடியில் இருந்த ஒரே ஜன்னல் வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் வந்து, மெத்தை போடாத இரும்புக் கட்டில்களின் நிழலை ஒவ்வொரு வாசலிலும் சட்டம் சட்டமாகக் கிடத்தியிருந்தது. புதுப் பெயின்டின் நெடியும் ஈரச் சிமெண்டின் குளிர்ச்சியும் மூக்கில் ஏறின. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் இறங்கி, நின்று, யோசித்து, மறுபடி இறங்கியது.

தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை எக்ஸ்பாண்டரோடு இணைத்தாள். திரையில் ஆறு வரிகள். ஆறு அறையும் நலம் என்றது பெட்டி. ஆனால் அறைகளின் பெயர்கள்.

படி ஏறியதும் இடது. பேசிக்கொண்டே இருப்பவள். தையல் மிஷின் அறை. கதவு இறுகும் அறை. இரட்டைச் சகோதரிகள். பூந்தொட்டி வாசல்.

இந்த மாடியில் தையல் மிஷின் இல்லை. பூந்தொட்டி இல்லை. அறைக்கு எண் போடாமல் அடையாளம் போடுகிறவள் அவள் ஒருத்திதான். தீயணைப்புக்காரர் புகையில் எண்ணைத் தேட மாட்டார் என்பாள். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான், ரேஷன் கார்டில் எழுதுவதையெல்லாம் பேனலில் எழுதுகிறாள் என்று.

இவை அவள் இரண்டு வருடம் முன்பு வேறொரு விடுதிக்கு எழுதிய பெயர்கள். அந்த விடுதியின் மேல்மாடி எரிந்துபோயிற்று. இரட்டைச் சகோதரிகள் உட்பட ஏழு பெண்கள். அந்த ஆறு டிடெக்டர்களும் இந்த எக்ஸ்பாண்டரும் அவர்களோடு எரிந்திருக்க வேண்டியவை.

ஏணியை இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். கூரையிலிருந்து டிடெக்டரைத் திருகி எடுத்தாள். வெள்ளை. கரி இல்லை, உருகிய விளிம்பு இல்லை. பேட்டரிக் குழிக்குள் அவள் கையெழுத்தில் தேதி. பூந்தொட்டி வாசலில் இருந்த பெண், உடைந்த கோப்பையில் ஒரு செடி வளர்த்தவள், அன்றைக்கு அவளிடம் கேட்டிருந்தாள், நாங்கள் அசந்து தூங்குவோம், இது அடித்தால் முழித்துக்கொள்வோமா என்று. செத்தவர்கள்கூட முழித்துக்கொள்வார்கள் என்று சொல்லி இவள் அவளைச் சிரிக்கவைத்திருந்தாள்.

அங்கே இவற்றை மாட்டவே இல்லை. ஏணிப்படியில் உட்கார்ந்தபோது அது அவளுக்கு முழுதாகப் புரிந்தது. அண்ணன் ஆறையும் மேஜைமேல் பரப்பி, எக்ஸ்பாண்டருக்கு அறிமுகம் செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தரைத்தளத்தில் பேனலுக்குப் பின்னால் வைத்துவிட்டான். பையிலிருந்து ஆறும், தீப்பிடிக்கும் வரை எட்டு மாதம், நலம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. மேலே கூரைகள் வெறுமையாக இருந்தன.

அவள் அறை அறையாகப் போய்ப் புகை காட்டிச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். போகவில்லை. அன்று அம்மா ஆஸ்பத்திரியில். அண்ணன் வண்டிச் சாவியை அவள் கையில் திணித்து, நீ போய் அம்மாவோடு இரு, பேனலில் ஆறும் பச்சை, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போ என்றான். இப்படியொரு அண்ணனைக் கொடுத்ததற்காக அன்று இரவு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னாள். தீக்குப் பிறகு, அலாரம் அடித்திருக்கும், பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று விசாரணையில் அவன் சொன்னதை அவளும் வரி மாறாமல் சொன்னாள்.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"மழையில மாட்டிக்கிட்டியா குட்டி?"

"எக்ஸ்பாண்டர் எங்க வாங்கினே அண்ணா?"

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"அழிச்சிட்டுப் புதுசா பேர் போடு. அஞ்சு நிமிஷ வேலை."

"அங்க மாட்டவே இல்லையா?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சு அன்னைக்கு. மறுநாள் மாட்டலாம்னு வச்சேன். மறுநாள் வேற வேலை." அவன் பெருமூச்சு விட்டான். "இப்ப அதையெல்லாம் கிளறாதே. பாவம், உன் கையெழுத்துதானே அதுல இருக்கு. உனக்காகத்தான் நான் இவ்வளவு நாளா வாயத் திறக்கல."

உனக்காக. அந்தச் சொல் நெருப்பைவிட மெதுவாக உள்ளே இறங்கியது.

"இங்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அங்க போட்டதையும் போய்ச் சொல்லப்போறேன்."

"பைத்தியமா நீ? இந்த தடவைதான் மாட்டிட்டேன்ல?"

அவள் போனை அணைத்தாள். கீழே போய் வார்டனம்மாவிடம் சொல்ல வேண்டும், நாளைக்கு யாரையும் விடாதீர்கள் என்று. எழுந்தாள். கையிலிருந்த டிடெக்டரின் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடைவழிக்கு வந்தாள்.

லேப்டாப் திரையில் ஒரு வரி மாறியிருந்தது. பூந்தொட்டி வாசல், புகை நான்கு சதவீதம்.

அது அவள் கையில் இருந்தது. பேட்டரி அவள் பையில்.

ஒன்பது.

மழைச் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலில் தாரைகள் இறங்கிக்கொண்டேதான் இருந்தன, சத்தம் மட்டும் இல்லை. பெயின்டின் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை, முதலில் பருத்தித் துணி கருகுவது போலவும், பிறகு எண்ணெய் தடவிய தலைமுடி பொசுங்குவது போலவும் எழுந்து வந்தது. கையிலிருந்த வெள்ளை வட்டம் வெதுவெதுப்பானது. பிறகு சுட்டது. கீழே போட்டாள்.

பூந்தொட்டி வாசல், முப்பத்தொன்று. இரட்டைச் சகோதரிகள், ஆறு. கதவு இறுகும் அறை, மூன்று.

தீ பரவியதாக விசாரணையில் சொன்ன அதே வரிசை. கடைசி அறையிலிருந்து படியை நோக்கி.

படி அவளுக்குப் பின்னால் இருந்தது. திறந்திருந்தது. ஓடியிருக்கலாம். இரண்டு படி இறங்கினாள்.

அப்போது அலாரம் அடித்தது.

மாடி முழுவதும் அலறியது. அந்த அலறலுக்குள் கட்டில் கம்பிகள் முனகும் ஒலி. யாரோ புரண்டு படுக்கிற ஒலி. ஆறு அறைகளிலும்.

அவளால் இறங்க முடியவில்லை. தூங்குகிறவர்களை விட்டுவிட்டு இறங்குகிற கால்கள் அவளுக்கு இல்லை. திரும்பி ஏறினாள்.

முதல் அறை. மெத்தையில்லாத கட்டிலில் ஒருத்தி. போர்வை தலைவரை.

"எழுந்திரும்மா. அலாரம் அடிக்குது. எழுந்திரு."

தோளைப் பிடித்து உலுக்கினாள். போர்வை உள்ளே இறங்கியது. கையில் சாம்பல்.

இரண்டாவது அறை. மூன்றாவது. கத்தினாள். உலுக்கினாள். யாரும் எழவில்லை. நான்காவது அறையின் கதவு இறுகியிருந்தது. தோளால் இடித்தாள். திறந்தது. எழவில்லை. ஐந்தாவதில் இருவர், கைகோத்தபடி. எழவில்லை.

கடைசி அறை.

இவள் போர்த்தியிருக்கவில்லை. மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. இமை இல்லை. கூரையில் டிடெக்டர் இல்லாத வெறும் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரமாக. தீப்பிடித்த இரவிலிருந்து.

அவள் அருகே போனாள். கட்டிலோரம் மண்டியிட்டாள். என்னை மன்னிச்சிடும்மா என்று சொல்ல நினைத்தாள்.

அந்த முகம் மெதுவாகத் திரும்பியது.

"அக்கா. இப்பதான் அடிக்குதா?"

குரலில் கோபம் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பிள்ளையின் குரல். பின்னால் வாசலில் வெறுங்கால்கள் வந்து நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, ஆறு பேர். அவர்களும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

வாயிலிருந்து புகை வந்தது.